விசைக்குப் பின்னே வரும் அசைவு

சுருள்வில்லில் தொங்கும் எடை, சங்கிலியில் ஆடும் ஊஞ்சல், காற்றில் அசையும் உயர்ந்த கட்டடம், வானொலிப் பெட்டிக்குள் முன்னும் பின்னும் ஓடும் மின்னூட்டம், விரிகுடாவினுள் ஏறி இறங்கும் கடல்நீர் ஆகியவை பார்வைக்கு ஒன்றோடொன்று தொடர்பற்றவை. எனினும் அவை ஒவ்வொன்றும் ஒரு சமநிலையைச் சுற்றி அலைவன என்பதாலும், அந்த அலைவை வெளியிலிருந்து வரும் ஒரு விசை ஒரு தாளத்தோடு தூண்டிக்கொண்டே இருக்கக்கூடும் என்பதாலும், அவற்றின் இயக்கத்தைக் கணிக்க இயற்பியலுக்கு ஒரே சமன்பாடு போதுமானதாக இருக்கிறது. இவ்வாறு புறவிசையால் தூண்டப்படும் இயக்கத்தைப் பாடநூல்கள் திணிப்பு அலைவு என்கின்றன. அது பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவதெல்லாம், தூண்டும் தாளமும் பொருளின் சொந்தத் தாளமும் ஒன்றினால் அசைவு பெரிதாகப் பெருகும், அதன் பெயர் ஒத்ததிர்வு என்ற அளவோடு நின்றுவிடுகிறது. சமன்பாட்டைத் தீர்த்துப் பார்ப்பவருக்கோ அதைவிட ஆழமான செய்தி ஒன்று கிடைக்கிறது. விசை எழும் நேரத்துக்கும் அசைவு எழும் நேரத்துக்கும் இடையே உள்ள பின்தங்கலே, அந்த அசைவு வளருமா, அடங்குமா, எவ்வளவில் நிலைபெறும் என்பவற்றை முடிவுசெய்கிறது.

வகைக்கெழுச் சமன்பாடு என்பது, பள்ளியில் பழகிய சமன்பாடுகளைப் போல ஓர் எண்ணைத் தேடுவதன்று. அது தேடுவது ஓர் இயக்கத்தின் முழு வரலாற்றை, அதாவது ஒவ்வொரு கணத்திலும் பொருள் எங்கே இருக்கும் என்பதைச் சொல்லும் ஒரு சார்பை. வகைக்கெழு என்பது ஓர் அளவு நேரத்தோடு மாறும் வீதம் ஆகும். இடப்பெயர்ச்சியின் மாறுவீதம் திசைவேகம் என்றும், திசைவேகத்தின் மாறுவீதம் முடுக்கம் என்றும் அழைக்கப்படுகின்றன. இம்மூன்றையும் ஒரே வரியில் பிணைக்கும் விதி தெரிந்தால், அந்த வரியிலிருந்து முழு இயக்கத்தையும் மீட்டெடுப்பதே சமன்பாட்டைத் தீர்ப்பது எனப்படும்.

அலையும் பொருளுக்கு அந்த விதியைத் தருவோர் பதினேழாம் நூற்றாண்டின் இருவர். சுருள்வில்லை எவ்வளவு நீட்டுகிறோமோ அதற்கு நேர்விகிதத்தில் அது திருப்பி இழுக்கும் என்பதை ராபர்ட் ஹூக் 1678-இல் நூலாக வெளியிட்டார். ஒரு பொருளின் மீது செயல்படும் மொத்த விசை அதன் நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவதற்குச் சமம் என்னும் விதிக்கு, 1687-இல் வெளிவந்த நியூட்டனின் பிரின்சிப்பியா அடிப்படை அமைத்தது. இவற்றோடு காற்றும் உராய்வும் தரும் தடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தடைவிசை திசைவேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது எல்லா இடத்திலும் சரியாகப் பொருந்தும் உண்மையன்று, கணக்கு எளிதாவதற்காகக் கொள்ளப்படும் ஒரு தோராயமே. ஆயினும் சிறிய அசைவுகளுக்கு அது வியக்கத்தக்க அளவு நன்றாகப் பொருந்துகிறது. இவை யாவும் சேர்ந்து பின்வரும் வரியாகின்றன:

நிறை × முடுக்கம் + தடைக்குணகம் × திசைவேகம் + சுருள்மாறிலி × இடப்பெயர்ச்சி = புறவிசை

இடப்பக்கத்தில் இருப்பவை பொருளின் சொந்த இயல்புகள். வலப்பக்கத்தில் இருப்பது வெளியுலகம் அதன்மீது செலுத்துவது. புறவிசை கொசைன் சார்பைப் போலச் சீராக ஏறி இறங்குவதாக வைத்துக்கொண்டால், சமன்பாடு தன் மிக எளிய வடிவத்தை அடைகிறது. எந்தத் தாளமுறையான விசையையும் பல கொசைன், சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பதை ஃபூரியே 1822-இல் வெளியிட்ட வெப்பம் பற்றிய நூலில் விரித்துரைத்திருப்பதாலும், இச்சமன்பாடு நேரியல் தன்மை உடையதாக, அதாவது இரு விசைகள் சேர்ந்து தரும் விளைவு அவை தனித்தனியே தரும் விளைவுகளின் கூட்டலாக இருப்பதாலும், ஒற்றைக் கொசைன் அலைக்குத் தீர்வு கண்டுவிட்டால் சிக்கலான விசைகளுக்கும் தீர்வு கிடைத்துவிடுகிறது.

சரியான நேரத்தில் தரப்படும் சிறு விசைகள் பெரிய அசைவாகச் சேரும் என்பது இச்சமன்பாடு பிறக்கும் முன்பே அறியப்பட்டிருந்தது. கலிலியோ 1638-இல் வெளியான தம் உரையாடல் நூலில், கனத்த ஆலயமணியை ஒருவர் மட்டுமே தகுந்த வேளைகளில் இழுத்து இழுத்து ஆட்டிவிட முடிவதையும், அவ்வாறு ஆடத் தொடங்கிய மணியை நிறுத்த நான்கு அல்லது ஆறு பேர் கயிற்றைப் பற்றினால் அது அவர்களையே தரையிலிருந்து தூக்கிவிடுவதையும் விளக்கியிருக்கிறார். ஆனால் ‘தகுந்த வேளை’ எது என்பதற்குக் கணக்கு வழியாக விடை சொல்ல இன்னும் ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த விடையை 1739-இல் ஆய்லர் கண்டார். அப்போது புனித பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் பணியாற்றிய அவர், சீராக ஏறி இறங்கும் விசையால் தூண்டப்படும் அலைவின் சமன்பாட்டைத் தீர்த்து, அதனைப் புதியவகை அலைவுகள் பற்றிய ஒரு கட்டுரையாகக் கழகத்தின் முன் வைத்ததோடு, தம் ஆசானான யோகான் பெர்னூலிக்கும் அவ்வாண்டு மே மாதம் கடிதம் எழுதினார். உராய்வே இல்லாத பொருளை அதன் சொந்தத் தாளத்திலேயே தூண்டினால் அசைவு எல்லையின்றி வளர்ந்துகொண்டே போகும் என்பது அந்தத் தீர்வில் வெளிப்பட்டது. வியப்புக்குரிய செய்தி என்னவெனில், வலப்பக்கத்தில் விசை ஏதும் இல்லாத எளிய சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கான பொதுவழியை ஆய்லர் பெர்னூலிக்குத் தெரிவித்தது அதே ஆண்டு செப்டம்பரில்தான். இன்றைய பாடநூல்கள் முதலில் கட்டற்ற அலைவையும் பின்னர் தூண்டப்பட்ட அலைவையும் கற்பிக்கின்றன. கண்டுபிடிப்பு நிகழ்ந்த வரிசையோ அவ்வாறு அமையவில்லை.

செப்டம்பரில் ஆய்லர் சொன்ன வழி இன்றும் மாணவர் கையாளும் வழியே ஆகும். அடுக்குக்குறிச் சார்புக்கு ஓர் அரிய பண்பு உண்டு: அதன் மாறுவீதத்தைக் கண்டால் அதே சார்பே ஒரு மாறிலியால் பெருக்கப்பட்டுத் திரும்பக் கிடைக்கும். ஆகவே தீர்வு அந்த வடிவத்தில் இருக்கும் என்று கொண்டு சமன்பாட்டில் இட்டால், வகைக்கெழுக்கள் மறைந்து, பள்ளி மாணவரும் தீர்க்கக்கூடிய ஓர் இருபடிச் சமன்பாடு மட்டுமே எஞ்சுகிறது. தடை குறைவாக இருக்கும்போது அதன் மூலங்கள் கலப்பெண்களாக வருகின்றன. அவற்றின் மெய்ப்பகுதி அசைவு தேய்ந்து மறையும் வேகத்தையும், கற்பனைப் பகுதி அது அலையும் அதிர்வெண்ணையும் தருகின்றன.

புறவிசை இருக்கும்போது தீர்வு இரு துண்டுகளின் கூட்டாக அமைகிறது. முதல் துண்டு, விசையே இல்லாதிருந்தால் பொருள் எவ்வாறு அலைந்து தேயுமோ அந்த அலைவு. தொடக்கத்தில் பொருள் எங்கே இருந்தது, எவ்வளவு வேகத்தோடு விடப்பட்டது என்பன போன்ற பழைய நினைவுகள் யாவும் இதில்தான் பொதிந்துள்ளன. இரண்டாம் துண்டு, விசையின் அதிர்வெண்ணிலேயே மாறாத வீச்சோடு தொடரும் அலைவு; அதற்குத் தொடக்கம் பற்றி எதுவும் தெரியாது. வீச்சு என்பது நடுநிலையிலிருந்து பொருள் செல்லும் மிகுதொலைவு. ஒரு கிலோகிராம் நிறையை, ஒரு மீட்டர் நீட்ட 100 நியூட்டன் விசை தேவைப்படும் சுருள்வில்லில் மாட்டி, திசைவேகம் விநாடிக்கு ஒரு மீட்டராக இருக்கும்போது ஒரு நியூட்டன் தடை தரும்படி அமைத்தால், அதன் இயல்பான கோண அதிர்வெண் விநாடிக்கு 10 ரேடியனாக, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 1.6 அலைவாக அமையும். இதில் முதல் துண்டின் வீச்சு ஒவ்வொரு 2 விநாடிக்கும் ஏறத்தாழ 37 விழுக்காடாகச் சுருங்குவதால், 10 விநாடிக்குப் பின் அதில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. அதன்பின் பொருள் தன் தாளத்தை முற்றிலும் கைவிட்டு, தூண்டும் விசையின் தாளத்துக்கு மட்டுமே ஆடுகிறது.

இரண்டாம் துண்டைக் காண்பதற்குப் பழைய வழி, வெவ்வேறு வீச்சுடைய கொசைனையும் சைனையும் கூட்டி எழுதி, இருபக்கமும் ஒப்பிட்டு அவ்வீச்சுகளைக் கண்டறிவது. அது பிழையற்ற வழி. ஆனால் எழுத்துகளின் நெரிசலில் நிகழ்வின் உட்பொருள் புதைந்துவிடுகிறது. இயற்பியலையும் கணிதத்தையும் ஒருங்கே ஒளியூட்டும் வழி கலப்பெண் வழியே என்று துணிந்து சொல்லலாம். மாறுதிசை மின்னோட்டச் சுற்றுகளைக் கணக்கிடப் பொறியாளர்கள் திணறிக்கொண்டிருந்த காலத்தில், 1893-இல் சிகாகோ நகரில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாட்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் இவ்வழியை முன்வைத்த பின்னரே அது பொறியியலின் அன்றாடக் கருவியாயிற்று.

அவ்வழியின் சாரம் இதுதான். சீரான அலைவு ஒவ்வொன்றையும், ஒரு தளத்தில் மாறாத வேகத்தில் சுழலும் ஓர் அம்பின் நிழலாகக் கருதலாம்; அம்பின் நீளம் வீச்சையும், அது காட்டும் திசை கட்டத்தையும் குறிக்கும். கட்டம் என்பது ஓர் அலைவு தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் கோணம். கற்பனை அலகால் பெருக்குவது அம்பைக் கால்சுற்று, அதாவது 90 பாகை, முன்னோக்கித் திருப்புவதற்கு ஒப்பானது. மாறுவீதம் காண்பதோ, அம்பின் நீளத்தைக் கோண அதிர்வெண்ணால் பெருக்கி அதைக் கால்சுற்று முன்னே திருப்புவது மட்டுமே. ஆகவே திசைவேகத்தின் அம்பு இடப்பெயர்ச்சியின் அம்புக்குக் கால்சுற்று முன்னும், முடுக்கத்தின் அம்பு அரைச்சுற்று முன்னும், அதாவது நேரெதிராகவும் நிற்கின்றன. வகைக்கெழுச் சமன்பாடு இவ்வாறு மூன்று அம்புகளைக் கூட்டி நான்காவது அம்பைப் பெறும் வடிவியல் கணக்காகிவிடுகிறது: சுருள்வில்லின் அம்பு ஒரு திசையில், நிறையின் அம்பு அதற்கு நேரெதிரில், தடையின் அம்பு இரண்டுக்கும் செங்குத்தாக. இம்மூன்றின் கூட்டே புறவிசை. செங்கோண முக்கோணத்தின் கர்ணம் தெரிந்தவர் எவரும் இனி வீச்சைக் கண்டுவிடலாம்.

முன் சொன்ன எடுத்துக்காட்டில் ஒரு நியூட்டன் வீச்சுள்ள விசையை வெவ்வேறு தாளங்களில் செலுத்திப் பார்ப்போர்க்கு இதன் அழகு புலப்படும். அலையாத, நிலையான ஒரு நியூட்டன் விசை சுருள்வில்லை ஒரு சென்டிமீட்டர் நீட்டும். இயல்பு அதிர்வெண்ணில் பாதியில் தூண்டினால், ஒரு மீட்டர் வீச்சுக்குச் சுருள்வில்லின் அம்பு 100 நியூட்டன், அதற்கெதிரான நிறையின் அம்பு 25 நியூட்டன், செங்குத்தான தடையின் அம்பு 5 நியூட்டன் என அமைவதால், கர்ணம் 75-ஐச் சற்றே விஞ்சி, வீச்சு 1.33 சென்டிமீட்டராகிறது. அசைவு விசைக்குப் பின்தங்குவது வெறும் 3.8 பாகை. இருமடங்கு அதிர்வெண்ணில் நிறையின் அம்பு 400 நியூட்டனாக ஓங்கிவிடுவதால் வீச்சு 3.3 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது, பின்தங்கலோ 176.2 பாகையாகி, விசை வலப்புறம் தள்ளும்போது பொருள் இடப்புறம் இருக்கும் நிலை உண்டாகிறது. இயல்பு அதிர்வெண்ணிலேயே தூண்டும்போது சுருள்வில்லின் அம்பும் நிறையின் அம்பும் ஒன்றையொன்று முழுமையாக அழித்துவிடுகின்றன. புறவிசையைத் தாங்கி நிற்க மிஞ்சுவது தடையின் சிறு அம்பு மட்டுமே; அது புறவிசைக்கு ஈடாகும்வரை அசைவு வளர்ந்தாக வேண்டும். வீச்சு அங்கே 10 சென்டிமீட்டர், பின்தங்கல் சரியாக 90 பாகை.

இந்த 90 பாகையே ‘தகுந்த வேளை’ என்று கலிலியோ கண்டதன் கணித வடிவம். அசைவு விசைக்குக் கால்சுற்று பின்தங்கினால், அசைவுக்குக் கால்சுற்று முன்னிற்கும் திசைவேகம் விசையோடு முற்றிலும் ஒத்துப்போகிறது. பொருள் எப்பக்கம் நகர்கிறதோ அப்பக்கமே விசை எப்போதும் தள்ளுகிறது. விசை ஒரு பொருளுக்கு ஆற்றல் தரும் வீதம் விசையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவதாகையால், அப்போது ஒரு கணமேனும் ஆற்றல் திரும்பப் பிடுங்கப்படுவதில்லை. மற்றத் தாளங்களில் சுற்றின் ஒரு பகுதியில் கொடுத்த ஆற்றலை மற்றொரு பகுதியில் விசையே பெரும்பாலும் மீட்டுக்கொண்டு விடுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒத்ததிர்வில் பொருள் சராசரியாகப் பெறும் திறன் 0.5 வாட், பாதி அதிர்வெண்ணிலும் இருமடங்கு அதிர்வெண்ணிலும் அது பெறுவது ஏறத்தாழ 0.0022 வாட் மட்டுமே. ஒத்ததிர்வு என்பது அசைவு பெருகும் நிலை என்று சொல்வதைவிட, ஆற்றல் தடையின்றி உள்ளே பாயும் நிலை என்று சொல்வதே அதன் இயல்புக்கு நெருக்கமானது.

ஒத்ததிர்வில் வீச்சு நிலையான நீட்சியைப் போல எத்தனை மடங்காகிறது என்பதைத் தரக்காரணி என்னும் எண் குறிக்கிறது. மேற்கண்ட அமைப்பில் அது 10. அதே எண்தான், அமைப்பு எவ்வளவு குறுகிய அதிர்வெண் எல்லைக்குள் மட்டும் வினையாற்றும் என்பதையும், தன் பழைய நினைவை மறக்க எவ்வளவு காலம் கொள்ளும் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறது. கூர்மையாகத் தேர்ந்தெடுப்பது எதுவோ அது மெதுவாகவே மறக்கும்; இவ்விரண்டையும் பிரிக்க எந்தப் பொறியாளராலும் இயலாது. வானொலி இதற்கு நல்ல சான்று. மின்தூண்டி, மின்தேக்கி, மின்தடை ஆகியவை வரிசையாக இணைந்த சுற்றின் சமன்பாட்டில் நிறையின் இடத்தில் மின்தூண்டலும், தடைக்குணகத்தின் இடத்தில் மின்தடையும், சுருள்மாறிலியின் இடத்தில் மின்தேக்குத்திறனின் தலைகீழியும் நிற்கின்றன. புறவிசையாக வருவது வானலைக்கம்பி பிடித்துத் தரும் மின்னழுத்தம். திருச்சி வானொலி நிலையம் நெடுங்காலம் ஒலிபரப்பிய 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையை, 9 கிலோஹெர்ட்ஸ் தள்ளியுள்ள அடுத்த அலைவரிசையிலிருந்து பிரித்தெடுக்க ஒரே சுற்றை நம்பினால் அதன் தரக்காரணி 100 அளவிலாவது இருக்க வேண்டும். அதைவிட மிகக் கூர்மையாக்கினால், குரலையும் இசையையும் சுமந்துவரும் விரைவான ஏற்ற இறக்கங்களைச் சுற்று பின்தொடர முடியாமல் ஒலி மங்கிப்போகும்.

கடலிலும் இதே சமன்பாடு பேசுகிறது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நீர் ஒருமுறை உள்ளே சென்று வெளியே மீளும் இயல்பான காலம் ஏறத்தாழ 13 மணி. நிலவின் ஈர்ப்பால் எழும் முதன்மையான ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தூண்டுகிறது. இரண்டும் நெருங்கியிருப்பதால் அங்கே நீர்மட்ட வேறுபாடு 16 மீட்டர் அளவை எட்டுகிறது. மெக்சிகோ நகரம் அவ்வளவு நற்பேறு பெற்றிருக்கவில்லை. 1985 செப்டம்பர் 19 அன்று முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பசிபிக் கரையில் எழுந்த நிலநடுக்கத்தை, நகரின் அடியிலுள்ள பழைய ஏரிப்படுகையின் மென்மண் ஏறத்தாழ 2 விநாடி அலைவுநேரம் உடைய நீண்ட ஆட்டமாகப் பெருக்கியது. 6 முதல் 15 மாடி வரை உள்ள கட்டடங்களே அதில் மிகுதியாகச் சிதைந்தன. விரிசல் கண்ட கட்டடத்தின் விறைப்பு குறைந்து, அதன் அலைவுநேரம் நீண்டு, மண்ணின் தாளத்தை நோக்கியே நகர்ந்தது அழிவை மேலும் பெருக்கியது.

கட்டம் என்னும் கருத்தின் முழு வலிமையையும் காட்டுவது லண்டனின் மில்லேனியம் நடைபாலம். 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்ட அப்பாலம், மக்கள் கூட்டம் ஏறியதும் பக்கவாட்டில் சில சென்டிமீட்டர் வரை ஆடத் தொடங்கியதால், இரண்டே நாளில் மூடப்பட்டது. நடப்பவரின் எடை இடக்காலுக்கும் வலக்காலுக்கும் மாறுவது விநாடிக்கு ஏறத்தாழ ஒருமுறை. பாலத்தின் பக்கவாட்டு இயல்பு அதிர்வெண்கள் அரை ஹெர்ட்ஸிலிருந்து ஒரு ஹெர்ட்ஸ் வரை. இத்தோடு நிறுத்தினால் இது வழக்கமான ஒத்ததிர்வுக் கதையே. ஆனால் அதை வடிவமைத்த அரூப் நிறுவனத்தின் பொறியாளர்கள் கட்டுப்பாடான நடைச்சோதனைகளை நடத்தியபோது, ஆடும் பாலத்தில் தம்மை நிலைநிறுத்திக்கொள்ள முயலும் மனிதர் தரும் பக்கவிசை பாலத்தின் திசைவேகத்துக்கு நேர்விகிதத்தில், அதே திசையில் அமைவதைக் கண்டனர். திசைவேகத்துக்கு எதிராக வரும் விசை தடை என்றால், அதனோடு சேர்ந்து வருவது எதிர்த்தடை ஆகும். அதைச் சமன்பாட்டின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நகர்த்தினால் தடைக்குணகத்திலிருந்து கழிகிறது. நடப்போர் தொகை ஒரு வரம்பைக் கடக்கும்வரை பாலம் அமைதியாகவே இருக்கும். கடந்ததும் மொத்தத் தடை சுழிக்குக் கீழே சென்று, அசைவு தேய்வதற்கு மாறாக வளரும். 37 பாகுநிலைத் தடுப்பான்களும் 52 இசைவுற்ற நிறைத் தடுப்பான்களும் பொருத்தப்பட்டு, 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. அவை செய்வதெல்லாம் சமன்பாட்டின் நடு உறுப்பைப் பெரிதாக்குவதே.

இசைவுற்ற நிறைத் தடுப்பான் என்பது ஒத்ததிர்வைக்கொண்டே ஒத்ததிர்வை அடக்கும் கருவி. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃப்ராம் 1909-இல் காப்புரிமை கோரிய கருத்திலிருந்து வளர்ந்த அதன் புகழ்பெற்ற வடிவம், தைவானின் 508 மீட்டர் உயரமான தைப்பே 101 கட்டடத்தின் உச்சிப் பகுதியில் தொங்கும் 660 டன் எஃகுக் கோளம். கட்டடம் அசையும் தாளமே கோளத்தின் இயல்புத் தாளமாகவும் அமைக்கப்பட்டிருப்பதால், கோளத்தின் அசைவு கட்டடத்தின் அசைவுக்குக் கால்சுற்று பின்தங்குகிறது. அதன் பயனாக, கட்டடம் எப்பக்கம் விரைகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமே கோளம் அதனை எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கட்டடத்தின் ஆற்றல் கோளத்துக்கு மாறி, அதனோடு இணைந்த எண்ணெய்த் தடுப்பான்களில் வெப்பமாகக் கரைகிறது. ஊஞ்சலை வளர்க்கும் அதே 90 பாகை, இங்கே ஒரு வானளாவியை அமைதிப்படுத்துகிறது.

இச்சமன்பாட்டின் பெயரால் அடிக்கடி தவறாக விளக்கப்படுவது அமெரிக்காவின் டக்கோமா நெருக்கடல் பாலத்தின் வீழ்ச்சி. 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 7 அன்று மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகக் காற்றில் முறுக்கி முறுக்கி உடைந்துவிழுந்த அப்பாலத்தை ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டும் பாடநூல்கள் இன்றும் உள்ளன. பாலத்தின் பின்னே காற்றில் எழும் சுழல்கள் அந்த வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ ஒருமுறை தோன்றியிருக்க, பாலமோ ஐந்து விநாடிக்கு ஒருமுறையே முறுக்கிக்கொண்டது. இரு தாளங்களும் பொருந்தவே இல்லை என்பதை யூசுஃப் பில்லா, ராபர்ட் ஸ்கான்லன் இருவரும் 1991-இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டினர். பாலத்தின் முறுக்கமே காற்றின் விசையை மாற்றி, அவ்விசை முறுக்கத்தை மேலும் வளர்த்தது என்பதே உண்மை. தன்னிச்சையான தாளம் உடைய புறவிசை அங்கே இல்லை. வலப்பக்கத்தில் என்ன எழுதுகிறோம் என்பதை ஆராயாமல் சமன்பாட்டைக் கையாள்வது எவ்வளவு எளிதாக வழிதவறச் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மற்றொரு வகையில், விசை வலப்பக்கத்தில் நிற்காமல் இடப்பக்கத்தின் மாறிலிகளையே தாளத்தோடு மாற்றக்கூடும். ஊஞ்சலில் நிற்கும் குழந்தை, பிறர் தள்ளாமலே உட்கார்ந்து எழுந்து தன் ஆட்டத்தை வளர்ப்பது இவ்வகை; அங்கே குழந்தையின் அசைவு ஊஞ்சலின் ஒரு சுற்றுக்கு இருமுறை நிகழ வேண்டும். இசைக்கவையின் ஒரு கிளையில் கட்டிய கம்பியை அதன் நீளவாக்கில் இழுத்துத் தளர்த்தினால், கம்பி கவையின் பாதி அதிர்வெண்ணில் அதிரும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மெல்டே காட்டியிருந்தார். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்து, கல்கத்தாவில் நிதித்துறை அலுவலராகப் பணியாற்றிக்கொண்டே மாலை வேளைகளில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ந்துவந்த சி. வி. இராமன், இந்தக் கம்பிகளை மேலும் நுணுகி ஆய்ந்து, அந்தப் பாதி அதிர்வெண்ணில் மட்டுமன்றி அதன் இரண்டு, மூன்று முதலான மடங்குகளிலும் அதிர்வு நிலைநிற்பதைக் கண்டு, அதிர்வுகளின் பேணுகை பற்றிய தம் ஆய்வை 1912-இல் வெளியிட்டார். ஒளிச்சிதறலால் உலகப் புகழ் பெறுவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே அவர் திணிப்பு அலைவின் எல்லைகளைத் தொட்டிருந்தார் என்பது பரவலாக நினைவுகூரப்பட வேண்டிய செய்தி.

சுருள்வில் பெரிதாக நீளும்போது ஹூக்கின் நேர்விகிதம் குலைகிறது. அதற்கான திருத்த உறுப்பைச் சேர்த்து, ஜெர்மானியப் பொறியாளர் கேயோர்க் டஃபிங் 1918-இல் எழுதிய நூலின் பெயரால் வழங்கும் சமன்பாட்டுக்கு, இதுவரை சொன்ன எளிய வழிகள் எவையும் பொருந்துவதில்லை. இரு தீர்வுகளின் கூட்டு அங்கே தீர்வாகாது. தூண்டும் அதிர்வெண்ணை மெல்ல உயர்த்திக்கொண்டே போகும்போது வீச்சு ஓரிடத்தில் திடீரெனச் சரிகிறது. திரும்பக் குறைத்துக்கொண்டே வரும்போது வேறோரிடத்தில் திடீரென ஏறுகிறது. இவ்வகைச் சமன்பாடுகளை, நேரத்தைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் இடத்தையும் வேகத்தையும் கணக்கிட்டு அடுத்த துண்டுக்குச் செல்லும் எண்வழி முறைகளாலோ, மின்சுற்றையே சமன்பாடாக அமைத்து ஓடவிடும் ஒப்புமைக் கணினிகளாலோ மட்டுமே பின்தொடர முடிகிறது. 1961-இல் கியோட்டோ பல்கலைக்கழக மாணவராக இருந்த யோஷிசுகே உவேதா, தூண்டப்பட்ட நேரியலற்ற அலைவு ஒன்றை அத்தகைய ஒப்புமைக் கணினியில் ஓட்டியபோது, முற்றிலும் சீரான விசையால் தூண்டப்பட்ட அந்த அமைப்பு ஒருபோதும் தன்னைத் திரும்பச் செய்யாத, தாளமற்ற இயக்கத்தில் இறங்கியதைக் கண்டார். அதைக் கருவியின் பழுதென்று ஒதுக்காமல் அவர் பிடித்துவைத்திருந்த பதிவுகள், ஒழுங்கின்மை இயக்கவியல் என்னும் துறைக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகின்றன.